ஊறுகாய்ப் பாட்டிலும் ஒன்பது பக்க வசனமும்

திரைக்கதை எழுத வந்திருக்கும் நீங்கள் சிலர் திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கொடுத்த காபி ஆறும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். படம் பார்க்க வருகிறவரைச் சிரிக்க வைத்து அனுப்புவதா, அவருக்கு ஒரு கருத்தைச் சொல்லி அனுப்புவதா? கேட்பவரின் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் தெருவில் திரும்பும் டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு படம் எழுதிய கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். அதற்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் போய்த் தோற்றவள் நான். எழுத வந்த புதிதில் வரதட்சணையைப் பற்றி ஒரு படத்துக்கு வசனம் எழுதினேன். கதாநாயகி மணமேடையில் எழுந்து நின்று பேசுவாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. தியேட்டரில் போய் உட்கார்ந்தபோது, அவள் எழுந்து நின்றதும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஆண்களும் எழுந்தார்கள். பாத்ரூம் போக அதுதான் நல்ல நேரம் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கப்புறம் வெறும் சிரிப்புப் படமாக நிறைய எழுதினேன். எல்லாம் ஓடின. அவற்றில் ஒரு வசனம்கூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை. பகலில் தூங்கி எழுந்தால் மறந்துபோகிற கனவு மாதிரி எல்லாம் கலைந்துவிட்டன.

இனி பழனிவேல் அண்ணனின் படம்.

பழனிவேலுக்குக் கறம்பக்குடி. இளவயதில் வளைகுடாவுக்குப் போய் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பி, கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். திரும்பி வந்த பிறகு தன் தம்பி குமரேசனை அவரே விசா பேசி அங்கே அனுப்பினார். போன ஒன்றரை வருடத்தில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து குமரேசன் இறந்துபோனார். உடல் ஊர் வந்து சேர நாள்கணக்கானது. அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் பழனிவேல் சொந்தப் பணத்தைப் போட்டுப் படம் எடுக்க வந்தார். சினிமாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினார். வெளிநாட்டு வேலைக்குப் போகாதீர்கள் என்று ஒன்பது பக்கம், அவர் கையெழுத்தில்.

"இத ஹீரோ அப்படியே பேசணும் ரைட்டரம்மா. ஒரு வார்த்தையும் விட்டுறக் கூடாது. படத்தப் பாத்துட்டு ஒருத்தனாச்சும் தூக்குன பெட்டியக் கீழ வச்சான்னா எனக்குப் போதும்."

இயக்குநர் இளைஞர். அதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்திருந்தார், அதுவும் நகைச்சுவைப் படம், நன்றாக ஓடியது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இந்த நோட்டைப் படமா எடுத்தா இடைவேளைக்கு முன்னாடியே தியேட்டர் காலி. நீங்கதான் எப்படியாவது அவர்கிட்டப் பேசணும்" என்றார்.

நான் இருவருக்கும் சரி என்று தலையாட்டினேன். நம் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம்.

எழுதுவதற்குக் கறம்பக்குடிக்கு வெளியே முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு வீடு கொடுத்தார்கள். காலையில் எழுதுவேன். மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொருகும். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் முந்திரி இலைகள் அசையாமல் நிற்கும். எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம், அதுவும் தூக்கத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அந்த அரைத்தூக்கத்தில் என் கதாநாயகன் வருவான். கையில் பெட்டியோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்காருவான். நான் பழனிவேலின் ஒன்பது பக்கத்தையும் அவனிடம் கொடுப்பேன். வாங்கிப் புரட்டுவான். ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து சட்டைகளுக்கு மேல் வைத்து மூடிவிட்டு என்னையே பார்ப்பான். விழித்தால் கால்மாட்டில் வெயில் மட்டும் கிடக்கும். இப்படியே இரண்டு வாரம். நான் எழுதியதெல்லாம் அவன் வாயில் ஒட்டவே இல்லை. நோட்டில் தப்பான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் எங்கள் கார் டிரைவர் சேவியர். ஆவூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவரும் பத்து வருடம் வெளிநாட்டில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எப்பப் பாத்தாலும் அந்த அறைக்குள்ளயே கெடக்குறீங்க மேடம், எங்க ஊருக்கு வாங்க, கோயில் பாத்துட்டுச் சாப்புட்டு வரலாம்" என்று அழைத்துப் போனார். புதுக்கோட்டையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் தைலமரக் காடு. கண்ணாடியை இறக்கியிருந்தோம். அந்த வாசனையில் மறுபடி எனக்குக் கண் சொருகியது. தூங்கிவிடக் கூடாதென்று கேட்டேன்.

"சேவியர், அங்க இருக்கையில படம் பாப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு மேடம். ரூமுக்கு எட்டுப் பேரு. ஒருத்தன் ஃபோன செவத்துல சாச்சு வச்சு எல்லாரும் பாப்போம்."

"என்ன மாதிரிப் படம்?"

"சிரிப்புப் படந்தான். வெளிநாட்டுல கஷ்டப்படுறவங்களப் பத்தி ஒரு படம் வந்துச்சு. கால் மணி நேரம் பாத்தோம். அப்பறம் ஒருத்தன் எந்திரிச்சு நிப்பாட்டிட்டுக் குளிக்கப் போயிட்டான். யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டுத்தான் சொன்னார்.

"நீ வந்தது தப்புன்னு அந்தப் படத்துல சொல்லிக்கிட்டே இருக்காங்க மேடம். வந்தாச்சு. அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு அதக் கேட்டு நாங்க என்ன செய்ய?"

ஆவூரில் அந்தப் பெரிய மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். பூசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். உயரத்திலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பழனிவேலின் நோட்டு போகிறவனுக்குச் சொல்வது போலத்தான் எழுதியிருந்தது. போகிறவன் அதைக் கேட்க மாட்டான், அவனுக்கு அவசரம். போனவன் கேட்பான், அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் இது யாரிடம் பேசுகிற பேச்சு? அந்தக் குளிர்ந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்துவிட்டது. அது ஒரே ஒரு ஆளுக்கு எழுதியது. அந்த ஆள் உயிரோடு இல்லை.

மறுநாள் சாயங்காலம் பழனிவேல் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். வேலை எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "அண்ணே, குமரேசன் கிளம்புன அன்னைக்கு ஏர்போர்ட்டுல அவர்கிட்ட நீங்க கடைசியா என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்னத்தச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. வாசல்ல ஒரே கூட்டம். ஊறுகா பாட்டில் மூடிய நல்லா இறுக்குனியாடா, எண்ணெ ஒழுகுனா புதுச் சட்டையெல்லாம் வீணாப் போயிரும்னு சொன்னேன்."

"அவரு?"

"அவன் எதுக்குத்தான் ஒழுங்காப் பதில் சொன்னான்? ஊறுகா ஒழுகலண்ணே, ஆத்தாதான் ஒழுகிக்கிட்டு நிக்கிது, நீ அங்கிட்டுப் போய் அத மூடுன்னான். எங்க ஆத்தா பின்னாடி அழுதுக்கிட்டு நின்னுச்சு. அம்புட்டுத்தான். உள்ள போயிட்டான்."

சொல்லிவிட்டுப் பலாப்பழத்தின் முள்ளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். போகும்போது என்னிடம் விடைபெறக்கூட மறந்துவிட்டார்.

அன்று இரவு நான் அந்த ஏர்போர்ட் காட்சியை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. மத்தியானத் தூக்கத்தில் பெட்டியோடு வருகிறவன் அதற்குப் பிறகு வரவே இல்லை.

பழனிவேல் விரும்பியபடி ஒன்பது பக்கத்தையும் இயக்குநர் படமாக்கத்தான் செய்தார். பிறகு சென்னையில், எடிட்டிங் அறையில் இரண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டினோம். ஏசி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாத சின்ன அறை. நாங்கள் நான்கே பேர். ஊறுகாய்ப் பாட்டில் காட்சியில் பழனிவேல் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை இறக்கிவிட்டு, "நோட்டு வேணாம். இதே இருக்கட்டும்" என்றார். இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

நான் செய்த தப்பை இப்போது சொல்கிறேன். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தியேட்டரில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரியின் அடியில் இருக்கும் துக்கம் பிறகுதான் ஏறும். முதலில் வருவது சிரிப்புதான். அதைத் தெரிந்துதான் எழுதினேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடச் சொல்வாரோ என்ற பயம்.

முதல் நாள் காலைக் காட்சி, புதுக்கோட்டை டவுனில். பழனிவேல் சொந்தபந்தங்களைக் கூட்டி வந்திருந்தார். குமரேசனின் மனைவி மலர் மட்டும் வர மறுத்துவிட்டாராம். "அது வராது, விட்டுருங்க. நானும் கட்டாயப்படுத்தல" என்றார். அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி நான் உட்கார்ந்தேன். இருட்டில் முகங்கள் எல்லாம் நீல வெளிச்சத்தில் மிதந்தன. நாம் எழுதியது நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக மாறித் திரையில் நகர்வதைப் பார்ப்பது எத்தனை படம் எழுதினாலும் விசித்திரம்தான். நீங்களும் பார்ப்பீர்கள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. "ஆத்தாதான் ஒழுகிக்கிட்டு நிக்கிது" என்றதும் தியேட்டரே சிரித்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். இரண்டு பேர் அந்த வரியைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பழனிவேல் எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். வெளியே பப்ஸ் விற்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெயிலில் கண் கூசியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தம்பி கடைசியாப் பேசுனது ரைட்டரம்மா. அதக் கேட்டுச் சிரிக்கிறாங்க."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்படிச் சிரிப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அவர் நம்பியிருப்பார். படமும் தப்பியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியும்ண்ணே" என்றேன். "ஒங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு."

அவர் பார்த்த பார்வைக்கு, என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "அடுத்த ஷோ வேணாம். நிப்பாட்டச் சொல்லுங்க. என்னால வெளிய யார் முகத்துலயும் முழிக்க முடியாது" என்றார்.

இயக்குநர் மதுரையில் வேறொரு தியேட்டரில் இருந்தார். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, எப்படியாவது சமாளிங்க. நாலு நாள் போகட்டும், அப்பறம் அவரே மாறிடுவாரு" என்றார். நான் முப்பது வருடம் இப்படித்தான் சமாளித்திருந்தேன். ஏனோ அன்று முடியவில்லை. "இல்லப்பா. அது அவங்க வீட்டுப் பேச்சு. அவர் வேணாம்னா வேணாம். ஒங்களுக்கு இதுல என்ன நஷ்டம்னு எனக்குத் தெரியும். என்னைத் திட்டிக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பழனிவேலிடம் திரும்பி, "மேனேஜரப் பாத்துச் சொல்லிட்டு வாரேன்" என்றேன்.

அதற்குள் இடைவேளை விட்டுவிட்டார்கள். கதவுகள் திறந்து கூட்டம் எங்களைச் சுற்றி வழிந்தது. மேனேஜர் அறைக்குப் போக வழியில்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அப்போது பால்கனிப் படியில் ஒரு பெண் இறங்கி வந்தார். பழனிவேலைப் பார்த்ததும் தயங்கி நின்றார், பிறகு நேரே வந்தார். அவர் வருவதைப் பார்த்து பழனிவேலின் முகம் மாறியதிலிருந்தே அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மலரு, நீ எப்ப வந்த?"

"டவுன் பஸ்ஸுல வந்தேன் மாமா. சொல்லிட்டு வந்தா எல்லாரும் எம் மூஞ்சியவே பாப்பீங்க."

"நீ இதெல்லாம் பாக்கணுமா தாயி? வா, வீட்டுக்குப் போவோம். நான் நிப்பாட்டச் சொல்லிட்டேன்."

"எத நிப்பாட்ட?"

நான்தான், "எல்லாரும் சிரிச்சாங்கள்ல, அது அண்ணனுக்குத் தாங்க முடியல" என்றேன்.

மலர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"மாமா, அவரு போயி ஏழு வருசமாச்சு. அவரு பேச்சு வந்தாலே வீட்டுல எல்லாரும் கொரலத் தாழ்த்திக்கிறீங்க. ஆத்தா எந்திரிச்சு உள்ள போயிருது. உசுரோட இருந்தப்ப அவரு பேசி யாராச்சும் சிரிக்காம இருந்திருக்கோமா? கல்யாண வீடு, எழவு வீடு ஒண்ணு பாக்கி கெடையாது. இன்னைக்கு ஒரு தியேட்டரே அவரு பேசுனதுக்குச் சிரிச்சுச்சு. வேற யாரோ நடிக்கிறாருதான். ஆனா எனக்கு அவரு வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சு. இதப் போயி நிப்பாட்டுறேங்குறீங்க."

பழனிவேல் தலையைக் குனிந்துகொண்டார். மணி அடித்தது. கூட்டம் உள்ளே திரும்பத் தொடங்கியது. மலர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இடைவேளைக்கு அப்பறமும் அவரு வருவாரா?"

கதை எழுதியவள் நான். ஆனாலும் இரண்டாம் பாதியில் அவருக்கு எத்தனை காட்சி என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன்.

"வருவாரும்மா. கொஞ்ச நேரம் வருவாரு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார். பழனிவேல் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், அவர் பின்னாலேயே பால்கனிக்கு ஏறினார். நான் கீழே என் இடத்துக்குப் போனேன். இரண்டாம் பாதி முழுவதும் நான் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் மேலே எங்கோ அவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே இருந்தேன். படத்தை நிறுத்தச் சொல்லி பழனிவேல் மறுபடி கேட்கவில்லை. என்னோடு சரியாகப் பேச அவருக்கு மூன்று மாதம் ஆனது. அது எனக்கு வர வேண்டியதுதான்.

படம் சுமாராக ஓடியது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து ஒருவரும் பெட்டியைக் கீழே வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்களோடு இருந்து படத்தை நான்கு தடவை பார்த்த சேவியரே அடுத்த சில மாதங்களில் மறுபடி விசா வாங்கிவிட்டார். சொல்ல வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டு நெலம அப்படி மேடம்" என்றார். பழனிவேல் கேள்விப்பட்டு இரண்டு நாள் கடை திறக்கவில்லை என்றார்கள். ஆனால் சேவியர் கிளம்பிய அன்று அவர்தான் தன் காரில் திருச்சிக்குக் கூட்டிப் போய் விமானம் ஏற்றிவிட்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் அரைத்தூக்கத்தில் இருந்தபோது வாசலில் "மேடம்" என்று குரல் கேட்டது. கனவு என்றே நினைத்தேன். இளைத்து, கறுத்து, சேவியர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சேவியர், லீவா?"

"இல்ல மேடம். வந்துட்டேன்."

உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பேசிய வேலை ஒன்று, போனதும் கொடுத்த வேலை வேறாம். அவரோடு அதே வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் ஐந்து பேர்.

"அவங்களும் வந்துட்டாங்களா?"

"யாரும் வரல. ஊருல என்ன சொல்லுவாங்களோன்னு ஒக்காந்திருக்காங்க. எனக்கும் அந்தப் பயந்தான். ஆனா போறப்ப ஏர்போர்ட்டுல அண்ணன் என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போயி ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'ஒனக்குப் புடிக்கலைன்னா அன்னைக்கே கெளம்பி வந்துருடா. ஏன் வந்தன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். யாராச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்பு'ன்னாரு. அத நெனச்சுக்கிட்டேதான் டிக்கெட்டப் போட்டேன்."

அவர் போன பிறகு படத்தின் வசனப் பிரதியை எடுத்துப் புரட்டினேன். பழனிவேல் சொன்ன அந்த மூன்று வரி எங்கள் படத்தில் எங்கேயும் கிடையாது. எனக்கும் இயக்குநருக்கும் இடையில் எத்தனை பேச்சு, எத்தனை திருத்தம். இப்படி ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே பிள்ளைகளே, சிரிப்பா கருத்தா என்று கேட்டால் எனக்கு இன்றும் இரண்டில் ஒன்றைச் சொல்லத் தெரியாது. அடுத்தவர் வீட்டுப் பேச்சை எடுத்து எழுதினால், அது தியேட்டரில் என்ன ஆகும் என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மற்றதற்கு நாம் பொறுப்பில்லை, நமக்குப் பெருமையும் இல்லை. அந்தப் படம் யாரையும் ஊரில் நிறுத்தி வைக்கவில்லை. ஒரு மனிதரைப் பேச மட்டும் வைத்தது. அவரும் ஏர்போர்ட் வாசல் கூட்டத்திலிருந்து ஓரமாக ஒதுங்கி, கிளம்ப வேண்டிய அவசரத்தில், பேச வேண்டியதைச் சரியான ஆளிடம் பேசிவிட்டார்.